நாற்பத்தொன்றாம் மனையின் மேடு

நவம்பர் 18, சனி

மதுராந்தகத்திலிருந்து தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பேருந்தில் எனக்கு இடம் தர மூன்று பேர் எழுந்தார்கள். என் முகத்தில் ஓர் அதிகாரிக் களை இருக்கிறது. அதிகாரியாகவே ஆகியிருக்க வேண்டியவன். ஒன்பதாம் வகுப்பை மற்றவர்கள் ஒரு வருடம் படித்தார்கள், நான் மூன்று வருடம் படித்தேன். அந்த ஆழம் எத்தனை பேருக்கு வரும். பிறகு நில அளவைத் துறையில் முப்பது வருடம் செயின்மேன். சங்கிலியின் ஒரு முனையைச் சர்வேயர் பிடிப்பார் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் குடையைத்தான் பிடிப்பார். சங்கிலிக்கு இரண்டு முனையும் நான்தான்.

வந்த காரணம், தங்கை மகள் நித்யகல்யாணி. ஸ்கூட்டர் பள்ளத்தில் இறங்கி வலது கால் முறிந்து, தொடை வரை மாவுக்கட்டு. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அவள் அப்பா, என் மாப்பிள்ளை சிவலிங்கம், ரயில் ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் தண்டவாளத்தின் மேல். தங்கை கற்பகம் ஒருத்தியால் அவளைத் தூக்கி உட்காரவைக்க முடியவில்லை. ஆள் வேண்டும் என்றாள். வந்துவிட்டேன்.

செல்லியம்மன் நகர், நாலாவது தெரு, மனை எண் 41. மாடி இல்லாத தனி வீடு. இருபத்து நாலு வருடத்துக்கு முன் இந்த மனையைத் தேடிக் கொடுத்தவன் நான். "மாப்பிள்ளை, கோட்டை மாதிரி மேட்டு மனை, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்றேன். அவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினார்.

நித்யா மடிக்கணினியில் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறாள். சின்னச் சின்ன மனிதர்கள் வீடு கட்டி, சமைத்து, வேலைக்குப் போய், சண்டை போட்டு வாழ்கிறார்கள். அதில் நம் நகரையே கட்டப்போகிறாளாம். நாலு தெரு, டிரான்ஸ்பார்மர், பிள்ளையார் கோயில், குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டு நீலக் கேட் வரைக்கும். ஆனால் நிலம் மட்டும் சப்பாத்திப் பலகை மாதிரி கிடந்தது.

"மாமா, வீடு வெக்கிறதுக்கு முன்னாடியே மேடு பள்ளம் போட்டுடணும். வீட்ட வெச்சுட்டா அடியில இருக்கற நெலம் பூட்டிக்கும், அப்புறம் அசைக்க முடியாது. இங்க முன்ன எப்படி இருந்துச்சுன்னு ஒங்களுக்குத்தான் தெரியும்."

"தெரியுமாவா. இந்த நகரை அளந்தவனே நான்தானேம்மா."

மவுஸ் என்கிற எலியை என் கையில் கொடுத்தாள். அழுத்திப் பிடித்தால் நிலம் பொங்கும் பால் போல எழும்புகிறது. முதல் வேலையாக 41-ஆம் மனை வரும் இடத்தில் அழுத்திப் பிடித்தேன்.

"போதும் மாமா, திருக்கழுக்குன்றம் மாதிரி ஆயிடுச்சு."

கொஞ்சம் தட்டையாக்கி விட்டேன்.

நவம்பர் 20, திங்கள்

மழை தூறிக்கொண்டே இருக்கிறது.

இன்று ஏரி வெட்டினோம். இந்த விளையாட்டில் ஒரு விசேஷம்: நிலத்தை ஓர் அளவுக்குக் கீழே தாழ்த்தினால் தண்ணீர் ஊற்றவே வேண்டாம், தானாக வந்து நின்றுகொள்ளும். நகருக்கு வடக்கே பெரிய ஏரியை அரை மணியில் வெட்டினேன். நிஜ ஏரியை வெட்டிய ராஜாவுக்குப் பத்து வருடம் ஆகியிருக்கும்.

பள்ளிக்கூடத்தைப் பள்ளத்தில் வைத்தேன். அது சுடுகாட்டுக்குப் பக்கத்தில் இருப்பது. சுடுகாட்டுப் பக்கம் தங்கை வீட்டைவிட உயரமாக இருந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்.

"ஏரி நெறைஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போகும் மாமா?"

"மேற்கே" என்றேன். "மேற்கே ஒரு பெரிய கால்வாய் உண்டு."

"அங்கதான் பாலம் கட்டறோம்னு மண்ணக் கொட்டி அடைச்சு வெச்சிருக்காங்களே. இப்ப எங்க போகும்?"

காபி கேட்டேன். கற்பகம் சமையலறையிலிருந்து வேறொன்று சொன்னாள். "அண்ணா, குளியலறையில தண்ணி எறங்க மாட்டேங்குது. கீழேர்ந்து குமிழ் குமிழா வருது, பாரேன்."

மூங்கில் குச்சி விட்டுக் குத்தினேன். முடி அடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். குச்சியில் முடி வரவில்லை. கறுப்பு மண் வந்தது. கழுவிவிட்டேன்.

பின்பக்கச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன், தரையோடு ஒட்டி. சும்மாதான்.

நவம்பர் 22, புதன்

பயம் என்று எதுவும் இல்லை. பின்பக்கம் நாலு முறை போய் வந்தேன். கோட்டுக்கு மேல் ஈரம் ஒரு சாண் ஏறியிருக்கிறது.

நவம்பர் 23, வியாழன்

எறும்புகள் வரிசையாகச் சுவரேறிப் பரணுக்குப் போகின்றன. வாயில் வெள்ளை முட்டை. கற்பகம் மஞ்சள் தூள் போட்டாள். மஞ்சளைச் சுற்றிக்கொண்டு மேலே போகின்றன.

மாப்பிள்ளை விஜயவாடாவிலிருந்து பேசினார். மழையால் வண்டிகள் ரத்தாம், எப்போது திரும்புவது என்று தெரியவில்லையாம். "நீங்க இருக்கீங்க மச்சான். அதுவும் மேட்டு மனை. எனக்கு ஒரு கவலையும் இல்ல" என்றார்.

"சுத்தமா கவலையே வேண்டாம் மாப்பிள்ளை. ஊரே மூழ்கினாலும் நம்ம வாசப்படி நனையாது" என்றேன். அது ஏன் என் வாயிலிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 24, வெள்ளி

பெரிய மரியாதை ஒன்று நடந்துவிட்டது. நடக்காமல் இருந்திருக்கலாம்.

நித்யா தன் நகரை மேலிருந்து படம் பிடித்துச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறாள். ஆசைக்குப் போட்டது. "மேடு பள்ளம் உதவி: ஏகாம்பரம் மாமா, சர்வே துறை" என்று கீழே எழுதிவிட்டாள். மத்தியானம் செயலாளர் ஆரோக்கியசாமி நேரில் வந்துவிட்டார். தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். குடையை மடக்குவதற்கு முன்பே பேச ஆரம்பித்தார்.

"சர்வேயர் சார் இங்கதான் இருக்கீங்களா. இத்தன வருஷமா இந்த நகர்ல எது மேடு எது பள்ளம்னு ஒரு காகிதம் கெடையாது எங்ககிட்ட. நீங்க ஒரே படத்துல காட்டிட்டீங்க."

சர்வேயர் இல்லை, செயின்மேன் என்று திருத்தியிருக்கலாம். "கையால அளந்தது சார்" என்றேன். "ஒரு அங்குலம் பிசகாது."

கற்பகம் கதவருகில் நின்றிருந்தாள். அவள் முகத்தில் அண்ணனைப் பற்றிய பெருமை. அதை இந்த வீட்டில் நான் பார்த்தது எப்போதோ.

ஆரோக்கியசாமி விஷயத்துக்கு வந்தார். ஏரி நிறைய இன்னும் மூன்று அடிதான் பாக்கி. முதல் தெருவில் வருடா வருடம் கணுக்கால் தண்ணீர். அங்கே தணிகாசலம் என்று ஒருவர், பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. இரண்டு வீட்டில் கைக்குழந்தைகள். ஏரி உடைத்துக்கொண்டால் எல்லாரையும் எங்கே வைப்பது என்று குழுவில் பேசியிருக்கிறார்கள். படத்தில் எந்த வீடு உயரமோ அங்கே.

"ஒங்க வீடுதான் சார். மூணாவது தெருவவிட நல்லா ரெண்டு அடி தூக்கலா இருக்கு."

"தாராளமா வரட்டும்" என்றாள் கற்பகம். "ஹால் பூரா காலி பண்ணித் தரேன்."

நானும் தலையாட்டினேன். கழுத்து அதுவாக ஆடியது.

அவர் போன பிறகு நித்யா கேட்டாள். "மாமா, நெஜமாவே நம்ம வீடு அவ்ளோ ஒசரமா? பாத்தா தெருவும் வீடும் ஒரே மட்டமாத்தானே தெரியுது."

"கண்ணு ஏமாத்தும்மா. சங்கிலி ஏமாத்தாது."

நவம்பர் 25, சனி

நித்யாவை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துப்போயிருக்கிறாள் கற்பகம், கட்டைப் பார்க்க. வீட்டில் நான் மட்டும். பகல் பதினோரு மணி. வெளியே வெளிச்சமே இல்லை.

மேட்டைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் ஆரோக்கியசாமி வேறு வீட்டைத் தேடுவார் என்று தோன்றியது. "கணக்கில் சின்னப் பிசகு" என்று புதிதாக ஒரு படம் அனுப்பிவிடலாம். மடிக்கணினியைத் திறந்தேன்.

41-ஆம் மனையைத் தாழ்த்தப் பார்த்தேன். அசையவில்லை. வீடு மேலே உட்கார்ந்திருக்கிறது, நிலம் பூட்டியிருக்கிறது. வீட்டைப் பிடித்து இழுத்து, திரையின் கீழே இருக்கும் பெட்டியில் போட்டேன். நித்யா போட்ட முருங்கை மரம், துணிக்கொடி, எல்லாம் சேர்ந்து பெட்டிக்குள் போனது.

அரை அடி மட்டும் இறக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். கை நிற்கவில்லை. கைக்கு அந்த இடம் தெரிந்திருக்கிறது. ஏரிக் கரையில் தென்கிழக்கு மூலை, அங்கே பழைய கலங்கல். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம் அது. அங்கிருந்து இறங்கி, இரண்டாவது தெருவைக் குறுக்கே வெட்டி, காலி மனை வழியாக நாலாவது தெருவுக்கு. எலியை அழுத்திக்கொண்டே வந்தேன். பின்னாலேயே தண்ணீர் வந்தது. யாரும் ஊற்றவில்லை. நான் நகர்ந்த இடமெல்லாம் நீலமாக நிரம்பிக்கொண்டே வந்து, 41-ஆம் மனையின் நடுவில் நின்றது. சமையலறை இருக்கும் இடம்.

வீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திரும்ப வைக்கப் பார்த்தேன். ஏழு முறை வைத்தேன். ஏழு முறையும் சிவப்பாகிப் பெட்டிக்கே போய்விட்டது. தண்ணீர் மேல் வீடு வைக்க அந்த விளையாட்டு சம்மதிக்காது.

மேட்டைத் திரும்ப எழுப்பவும் வரவில்லை. தாழ்த்தும் பொத்தானைத்தான் கை திரும்பத் திரும்ப அழுத்துகிறது.

அவர்கள் திரும்பி வந்ததும் நித்யா பார்த்துவிட்டாள்.

"மாமா, நம்ம வீடு எங்க?"

"வெள்ளையடிக்க எடுத்து வெச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. "இந்தத் தண்ணி ஏன் இவ்ளோ நேரா வருது? ஏதோ தெரிஞ்சு போட்ட மாதிரி இருக்கே."

மிஷின் கோளாறு என்றேன். அவள் மடிக்கணினியை மூடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 26, ஞாயிறு

இந்த டைரி உரக்கடையில் இனாமாகக் கொடுத்தது. யாரும் படிக்கப்போவதில்லை. அப்படியிருந்தும் இதிலும் நான் பொய்தான் எழுதிவந்திருக்கிறேன். பேருந்தில் யாரும் எழவில்லை. நின்றுகொண்டேதான் வந்தேன்.

மனை போட்ட வருடம் நான் இங்கே சங்கிலி பிடித்தேன். ஒரு முனை மட்டும். அப்போது 41-ஆம் மனை மனையாக இல்லை, வாய்க்காலாக இருந்தது. தொடை வரை சேற்றில் இறங்கி அளந்தேன். அடுத்த வாரம் லாரி லாரியாக இடித்த கட்டடத்துச் செங்கல்லும் சிமெண்டுக் கட்டியும் கொண்டுவந்து கொட்டி மூடினார்கள். மேலே செம்மண் போட்டு உருளை ஓட்டினார்கள். எல்லைக் கல்லை நட்டவன் நான்.

மாப்பிள்ளைக்கு நல்ல மனை வாங்கித் தருகிறேன் என்று சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் சொல்லிவைத்திருந்தேன். எனக்கு அங்கே செல்வாக்கு, முதல் மனையே நமக்குத்தான் என்றெல்லாம் அளந்துவிட்டிருந்தேன். போய்க் கேட்டால் எல்லா மனையும் விற்றுப்போய்விட்டது, அது ஒன்றுதான் மிச்சம். வெறுங்கையோடு திரும்பி வர முடியாது. மேட்டு மனை என்றேன். சொல்லும்போது நானே பாதி நம்பிவிட்டேன். நன்றாக மூடியிருந்தார்கள்.

மேற்கே கால்வாய் ஓடும் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது அது அடைபட்டிருக்கிறது. தண்ணீருக்கு வேறு வழி கிடையாது. பழைய வழி நம் சமையலறை.

தொடை வரை மாவுக்கட்டுப் போட்ட பெண் இங்கே இருக்கிறாள். மொட்டை மாடிக்கு இரும்பு ஏணிதான். ஏரி நிறைந்துவிடும் போலிருப்பதால் நாளைக் காலையே சங்கத்துக்காரர்கள் இன்னும் பதினைந்து பேரைக் கூட்டிவருகிறார்கள்.

சாக்பீஸ் கோடு தண்ணீருக்குள் போய்விட்டது.

நவம்பர் 27, திங்கள்

மாலை ஆறு மணி. பள்ளிக்கூடத்தில் பெஞ்சின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி.

காலை எட்டரைக்கு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் தணிகாசலத்தைப் படுக்கவைத்து, மேலே தார்ப்பாய் மூடி, ஆரோக்கியசாமி தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் தணிகாசலத்தின் மனைவி, கைக்குழந்தைக்காரர்கள், அரிசி மூட்டை. ஏரி நிறைய ஓர் அடிதான் பாக்கி என்றார்கள். கற்பகம் ஹாலில் பாய் விரித்துக்கொண்டிருந்தாள்.

நான் கேட்டுக்கு வெளியே வந்து வழியில் நின்றேன்.

"இங்க வேண்டாம் சார். இது மேடு இல்ல."

"என்ன சார் சொல்றீங்க, நீங்கதானே..."

"நான் சொன்னது பொய். இந்த வீட்டுக்கு அடியில வாய்க்கால் இருக்கு. ஏரி வழிஞ்சா தண்ணி இங்கதான் வரும்."

ஆரோக்கியசாமி கற்பகத்தைப் பார்த்தார். அவள் கையில் பாயோடு வந்து என் முன்னால் நின்றாள். "அண்ணா, வீட்டுக்குள்ள ஆளுங்க வர்றது ஒனக்குப் பிடிக்கலன்னா நேராச் சொல்லு. படுத்துக் கெடக்கற மனுஷன மழையில நிறுத்தி வெச்சு இந்தக் கதையெல்லாம் அளக்காத."

"கதை இல்ல கற்பகம்."

"நீ எப்ப கதை இல்லாம பேசியிருக்க?"

வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு நிஜத்தைச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன், அது விலை போகவில்லை. ஆரோக்கியசாமி வண்டியை மெதுவாக உள்ளே திருப்பினார். நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். யாரோ என் கையைப் பிடித்து விலக்கினார்கள்.

ஜன்னலிலிருந்து நித்யாவின் குரல் வந்தது.

"அம்மா, மாமா சொல்றது உண்மை."

"ஒனக்கென்னடி தெரியும்?"

"இருபத்தஞ்சு வருஷமா மாமா கதைய நான் கேக்கறேன். ஒவ்வொரு கதையிலயும் மாமாதான் பெரிய ஆளு. இந்த ஒண்ணுலதான் மாமா கேவலமா நிக்கறாரு. அவரு பொய் சொன்னா இப்படிச் சொல்லமாட்டாரு."

அவள் மடிக்கணினியை ஜன்னல் கம்பியோடு சேர்த்துத் திருப்பிக் காட்டினாள். "முந்தாநேத்து யாரும் இல்லாதப்ப இத வெட்டி வெச்சாரு. கலங்கல்லேர்ந்து நேரா நம்ம சமையலறைக்கு. அத ஒட்டின குளியலறையிலதான் குமிழ் வருது."

கற்பகம் பாயைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனாள். அவள் குளியலறைக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது சேலை கணுக்காலுக்கு மேல் நனைந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. ஆரோக்கியசாமியிடம் கேட்டாள்.

"அப்ப எங்கதான் போறது?"

அவர் என்னைப் பார்த்தார். பார்க்க அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

"பள்ளிக்கூடம்" என்றேன். "படத்துல நான் அத பள்ளத்துல வெச்சுட்டேன். நெஜத்துல அதுதான் மேடு. சங்கிலிய இழுத்துக்கிட்டு அங்க ஏறும்போதெல்லாம் எனக்கு முட்டி வலிக்கும்."

"வண்டியத் திருப்புங்கப்பா" என்றார் ஆரோக்கியசாமி.

ஒரே வண்டி. தணிகாசலத்தின் பக்கத்தில் நித்யாவை உட்காரவைத்து, காலை நீட்டி, கட்டு நனையாமல் இரண்டு பிளாஸ்டிக் கோணி சுற்றினோம். நான் பின்னால் தள்ளினேன். மூன்றாவது தெரு முனைப் பள்ளத்தில் மழைத் தண்ணீரே தொடைக்கு வந்தது. எனக்கு அந்தக் குளிர் தெரியும். அதே குளிர், அதே உயரம். பயத்தில் பல் கிட்டிக்கொண்டது. தணிகாசலத்துக்குப் பேச்சு வராது. கண் மட்டும் என் மேல் இருந்தது.

சுடுகாட்டுச் சந்தில் வண்டி ஏற ஆரம்பித்தது. முட்டி வலித்தது. அந்த வலியை அப்போது கும்பிடத் தோன்றியது.

பகல் இரண்டு மணிக்கு ஏரி வழிந்தது.

நவம்பர் 28, செவ்வாய்

எல்லாரும் இருக்கிறார்கள். தலையை எண்ணிவிட்டேன், இரண்டு தடவை.

ஆரோக்கியசாமி போய்ப் பார்த்து வந்தார். நம் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் இல்லை. பின்கதவால் நுழைந்து முன்கதவால் போய்க்கொண்டிருக்கிறதாம் தண்ணீர், ஜன்னல் உயரத்துக்கு. ஹாலில் பாய் விரித்த இடம் தெரியவில்லையாம்.

அவர் இப்போது என்னைச் சர்வேயர் சார் என்று கூப்பிடுவதில்லை. ஏகாம்பரம் என்கிறார். டீ மட்டும் கொண்டுவந்து கொடுக்கிறார்.

கற்பகம் எனக்குச் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு வேறு பக்கம் போய் உட்காருகிறாள்.

நவம்பர் 30, வியாழன்

மழை விட்டிருக்கிறது. பள்ளியில் மின்சாரம் வந்ததும் நித்யா மடிக்கணினியைத் திறந்தாள். பழைய நகரை முழுக்க அழித்துவிட்டாள். மறுபடி சப்பாத்திப் பலகை.

"இப்ப சொல்லுங்க மாமா. மொதல்ல தண்ணி எங்க போகும்னு சொல்லுங்க. வீடெல்லாம் அப்புறம்."

சொன்னேன். கலங்கலிலிருந்து ஒவ்வோர் அடியாக. அவள் வெட்டிக்கொண்டே வந்தாள், தண்ணீர் பின்னாலேயே வந்தது. கற்பகம் முதுகைக் காட்டிக்கொண்டு ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஓர் இடத்தில் நான் தயங்கினேன். வாய்க்கால் ஒன்பது அடி அகலமா, பன்னிரண்டா, ஞாபகம் வரவில்லை.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லச் சொல்லு அவர" என்றாள் கற்பகம், துணியைப் பார்த்துக்கொண்டே. நாலு நாளில் அவள் என்னைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை.

"தெரியல" என்றேன்.

நம் வீடு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, முருங்கை மரத்தோடு. எங்கே வைப்பது என்று நித்யாவும் கேட்கவில்லை.

ரயில்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. நாளைக் காலை மாப்பிள்ளை வருகிறார். வீட்டுக்குத் தண்ணீர் வந்தது தெரியும். ஏன் வந்தது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. போனில், "மேட்டு மனைக்கே இந்த கதின்னா மத்தவங்க பாவம் மச்சான்" என்றார். நான் சொல்வேன் என்று கற்பகமும் நித்யாவும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

மத்தியானத்திலிருந்து யோசித்து மூன்று விதமாகத் தயார் செய்தேன். முதலாவதில், சர்வேயர் என்னை மிரட்டியதாக வருகிறது. இரண்டாவதில், எனக்கு அப்போது டைபாய்டு. மூன்றாவதில் பதினைந்து பேரைக் காப்பாற்றியது முதலில் வந்து, மனை கடைசியில் வருகிறது. மூன்றும் நன்றாகவே இருந்தன. மூன்றையும் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன்.

ரயில் நிலையத்துக்கு நானே போகிறேன். இறங்கியதும் சொல்ல வேண்டும். பையை வாங்குவதற்கு முன்பே, டீ சாப்பிடலாம் என்பதற்கு முன்பே. சொன்ன பிறகு அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை. வெள்ளத்தில் வண்டி தள்ளும்போதுகூட இவ்வளவு பயம் இல்லை. வாய் வேறு பக்கம் போய்விடக்கூடாது என்பதற்காக இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை, அது வாய்க்கால். வாங்கித் தந்த அன்றைக்கே எனக்குத் தெரியும்.